ஆஸ்பத்திரிக் குதிரை

நம் வயதுக்காரர்களில் திருத்தணியில் இன்னும் யார் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. இருப்பவர்களுக்கு ஆஸ்பத்திரிக் குதிரையை நினைவிருக்கும். செம்பட்டை நிறம், நெற்றியில் ஒரு வெள்ளைத் தீற்றல், பெரியவர்களின் மார்பு உயரம்கூட வராத மட்டக்குதிரை. மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவின் சின்ன வண்டியை அதுதான் இழுத்தது. வண்டி தெருவில் திரும்புவதற்கு முன்பே அதன் கழுத்து மணி கேட்டுவிடும். ஊசிக்குப் பயந்து நீங்கள் எல்லோரும் வைக்கோல் போருக்குப் பின்னால் ஓடி ஒளிவீர்கள். நான் ஓட மாட்டேன். வண்டியை ஓட்டி வருவது என் நைனா.

யுத்தக் காலத்தில் ஒரு கோடையில் அந்தக் குதிரை எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்டது. வண்டிக்காரன் வீட்டில் குதிரைக்கு வைத்த கொள்ளுப் பயறை வேகவைத்துத் தின்றுவிட்டார்கள், பட்டினியில் விழுந்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். உங்கள் வீடுகளிலும் அப்படித்தான் பேசியிருப்பார்கள். அது விழுந்தது பட்டினியில் அல்ல. தின்றதில்தான் விழுந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு அதைச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது இருக்கும். ஆஸ்பத்திரிக் காம்பவுண்டின் பின்பக்கம், குதிரைக் கொட்டகையை ஒட்டி எங்கள் வீடு. ஒரு சுவர்தான் நடுவில். குதிரை உடம்பைச் சிலிர்த்துக்கொண்டால் எங்கள் அடுப்படியில் கேட்கும். வீட்டில் எப்போதும் இரண்டு வாசனை இருக்கும். ஒன்று ஃபினாயில், இன்னொன்று ஊறிய வைக்கோல். வைக்கோலை நைனா அப்படியே போடமாட்டார். தொட்டித் தண்ணீரில் வெகுநேரம் ஊறவைத்து, அந்தப் பழுப்புத் தண்ணீரை வடித்து ஊற்றிவிட்டுத்தான் போடுவார். சத்தெல்லாம் தண்ணீரோடு போய்விடும், அதுதான் வேண்டும் என்பார். மற்ற வீடுகளில் மாட்டுக்குச் சத்துப் போதவில்லை என்று பிண்ணாக்குக்கு அலைந்துகொண்டிருந்த நாள் அது.

எல்லாம் டாக்டரம்மா சொல்லிக்கொடுத்த முறை. அவர் தெற்கத்திக்காரர். உயரம். வெள்ளைப் புடவை, கான்வாஸ் செருப்பு. அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை என்று தறிக்காரர் ஊர்களுக்கெல்லாம் வண்டியில் போய் வைத்தியம் பார்ப்பார். எதைக் கேட்டாலும் அவரிடம் பதில் இருக்கும். யோசித்துச் சொல்கிறேன் என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை.

முந்தைய வருஷம் குதிரைக்குக் குளம்புக் காய்ச்சல் வந்திருந்தது. பசும்புல்லைக் கண்டபடி மேய்ந்து கொழுத்தால் அந்த இனத்துக் குதிரைக்கு அது வரும். குளம்பு அடுப்புக் கல் மாதிரிச் சுடும். அடி எடுத்து வைக்காது. அப்போது எப்படியோ தப்பித்துவிட்டது. அதனால் அந்தக் கோடையில் டாக்டரம்மா தன் தாயாருக்கு உடம்பு முடியவில்லை என்று ஊருக்குப் புறப்பட்டபோது, ரயிலுக்கு நேரமாகியும் கொட்டகையில் நின்று நைனாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இந்தா பாருங்க வண்டிக்காரரே. விலாவுல கை வச்சா எலும்பு கைக்குத் தட்டணும். கண்ணுக்குத் தெரியப்பிடாது. தட்டலைன்னா கொழுப்பு ஏறுதுன்னு அர்த்தம். பிடரியைப் புடிச்சுப் பாருங்க, கெட்டியா இருக்கப்பிடாது. வெறும் வண்டியைக் கட்டித் தினமும் கண்டிகை வரைக்கும் ஓட்டிட்டு வாங்க. மழை பெஞ்சு புதுப்புல்லு வந்துட்டா வாய்க்கூடை இல்லாம வெளியே விடப்பிடாது. கேட்டேளா?"

"ஆங்ம்மா."

"பாவம்னு பாத்து ஒரு கை அள்ளிப் போட்டா, அதைக் கொல்றதும் அதுவும் ஒண்ணு."

அம்மா அப்போது கொட்டகை வாசலில் சாணக்கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் காதிலும் விழுந்தது.

என் தம்பியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவன் அந்தப் பங்குனியில் போனான். நான்கு வயது முடியவில்லை. குடல் காய்ச்சல். இப்போது டைபாய்டு என்கிறோம், மாத்திரை இருக்கிறது. அப்போது மாத்திரை கிடையாது. குடலில் புண் இருக்கிறது, ஒரு பருக்கை உள்ளே போனாலும் ஓட்டை விழுந்துவிடும், பார்லித் தண்ணீரும் தெளிந்த மோரும்தான் கொடுக்கவேண்டும் என்றார் டாக்டரம்மா. அம்மா அப்படியே செய்தாள். தம்பி சோறு கேட்டான். முதலில் அழுது கேட்டான். பிறகு அழாமல் கேட்டான். நாங்கள் சாப்பிடும் வாசனை அவனுக்குப் போகக்கூடாது என்று அம்மா எங்கள் சோற்றைக் கொட்டகையில் வைத்துச் சாப்பிடச் சொன்னாள். நானும் நைனாவும் குதிரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வாயை மூடி மென்று சாப்பிட்டோம். ஒரு காலையில் அவன் கேட்கவில்லை. மத்தியானம் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள்.

பல வருஷம் கழித்து என் பேரனுக்கு அதே காய்ச்சல் வந்தபோது, வேலூரில் ஒரு சின்ன வயது டாக்டர், "நல்லாச் சாப்பிடக் குடுங்க பாட்டி, தெம்பு வேணும்" என்றார். நான் தலையாட்டினேன். வெளியே வந்து பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். டாக்டரம்மாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்போது எல்லா ஊரிலும் அதுதான் வைத்தியம்.

தம்பி போன பிறகு அம்மா அழவில்லை. அழாதது மட்டுமில்லை, வேறு எதுவும் செய்யவில்லை. எழுப்பினால் எழுந்தாள். சொன்னால் உலை வைத்தாள். பேசினால் பதில் சொல்வாள், ஆனால் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் நாம் வேறு வேலை பார்த்துவிட்டு வரலாம். வீடே அப்படி ஆகிவிட்டது. எனக்கு என்ன தோன்றியது என்று கேட்டால், ஒன்றும் தோன்றவில்லை. அவனுடைய பாயைச் சுருட்டி மூலையில் வைத்திருந்தார்கள். அந்த மூலைக்கு நான் போகமாட்டேன், அவ்வளவுதான்.

டாக்டரம்மா ஊருக்குப் போன பிறகு கொஞ்ச நாள் எல்லாம் அவர் சொன்னபடியே நடந்தது. நைனா வெறும் வண்டியைக் கட்டிக்கொண்டு கே.ஜி.கண்டிகை வரை ஓட்டிவிட்டு வருவார். சில நாள் நானும் போவேன். கண்டிகை டீக்கடையில் பெஞ்சில் இருப்பவர்கள் சிரிப்பார்கள்.

"இன்னா, காத்தை ஏத்திகினு போறியா?"

"குதுரைக்கு உடம்பு எளைக்கணும்ங்க."

"ஊரே எளைச்சுப் போய்க் கெடக்குது. இதுக்குத் தனியா எளைக்கணுமா?"

நைனாவும் சிரிப்பார். அரிசி பங்கீட்டில் வந்த காலம். பாதி கல். கேழ்வரகுக்கும் வரிசை நின்றோம். அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு பிராணியைக் கொழுக்காமல் பார்த்துக்கொள்வதற்காக ஒரு மனிதன் பாடுபடுகிறான் என்பதை யாராலும் நம்பமுடியவில்லை. குதிரையின் வாயில் கூடை கட்டியிருப்பதை மட்டும்தான் அவர்கள் பார்த்தார்கள்.

சித்திரை முடிவில் ஆஸ்பத்திரிக் கிணறு வற்றிவிட்டது. பெரிய நர்சம்மா நைனாவைத் தண்ணீர் இழுக்கப் போட்டார். ஆஸ்பத்திரிக்கு வேண்டிய தண்ணீர் முழுவதையும் மாட்டுவண்டியில் பீப்பாய் வைத்து வெளிக்கிணற்றிலிருந்து கொண்டுவரவேண்டும். காலையில் போனால் சாயங்காலம்தான் வருவார். குதிரை ஓட்டம் நின்றுபோனது. வைக்கோல் வண்டிகளும் வருவது குறைந்தது. வேறு வழியில்லாமல் குதிரையைக் காலையில் கொஞ்ச நேரம் ஏரிக்குள், தண்ணீர் வற்றிய உள்வாயில் மேயவிட்டு, வெயில் ஏறுமுன் திருப்பிக் கொண்டுவரும் வேலை அம்மாவுக்கு வந்தது. துணைக்கு நான்.

ஏரி பாதிக்கு மேல் வற்றியிருந்தது. தண்ணீர் பின்வாங்கிய இடமெல்லாம் வெடித்த சேறு. அதற்கு அப்பால் காய்ந்த கோரை, அங்கங்கே அறுகு. மலைக்கோயில் மேளம் காற்று அடிக்கிற பக்கத்தைப் பொறுத்துக் கேட்கும், கேட்காது. அம்மா ஒரு பனைமரத்து நிழலில் உட்காருவாள். நிழல் நகர்ந்தாலும் அவள் நகரமாட்டாள். குதிரை மூஞ்சியில் மூங்கில் பிளாச்சில் பின்னிய வாய்க்கூடை. போரடிக்கிற மாட்டுக்குக் கட்டுவதைவிட நெருக்கமான பின்னல். அடியில் ஒரே ஒரு ஓட்டை. கூடையைத் தரையோடு அழுத்தினால் ஓட்டை வழியாக இரண்டு மூன்று புல் நுனி உள்ளே வரும். அதைக் கடித்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு அழுத்தவேண்டும். மூங்கில் தரையில் உரசும் கரகர சத்தம், உள்ளே பல் மோதும் சத்தம். அந்தக் காலை நேரங்களில் எனக்கு நினைவில் இருப்பது அந்தச் சத்தம்தான்.

வைகாசியில் கோடை மழை பிடித்தது. இரண்டு மூன்று நல்ல மழை. ஏரி உள்வாய் ஒரு வாரத்தில் பச்சையாகிவிட்டது. கிட்டே போய்க் குனிந்தால் இனிப்பாக ஒரு வாசனை வரும். குதிரை அந்தப் பச்சையைப் பார்த்ததும் கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடியது. கூடையைத் தரையில் வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்தது. ஓட்டையில் மண் அடைத்துக்கொண்டது. தலையை உதறி எங்கள் பக்கம் பார்த்துக் கனைத்தது.

அதற்கு முந்தின நாள்தான் தண்ணீருக்குப் போன இடத்தில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டதை அம்மாவும் நானும் கேட்டோம். எங்களைப் பார்த்துவிட்டுத்தான் பேசினார்களா, பார்க்காமல் பேசினார்களா தெரியாது.

"பாதிரி ஆஸ்பத்திரில பட்டினி போட்டுத்தான் எல்லாத்தையும் பாத்துக்குவாங்களாம்."

"அந்த வண்டிக்காரன் புள்ளைய அப்பிடித்தான் போட்டாங்க. இப்ப குதுரைய."

அம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். முகத்தில் ஒன்றுமில்லை. குடத்துத் தண்ணீர் தளும்பவும் இல்லை.

குதிரை கனைத்ததும் அம்மா எழுந்து போனாள். காதுக்குப் பின்னால் இருந்த முடிச்சை அவிழ்த்துக் கூடையைக் கழற்றிப் புல்லில் வைத்தாள். திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

"நைனா திட்டும்மா," என்றேன்.

"தின்னட்டும்."

குதிரை தலையைத் தூக்கவே இல்லை. நாக்கால் வளைத்துப் பிடுங்கி, பிடுங்கி, வாயோரம் பச்சை நுரை வழியத் தின்றது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் ஏறிய பிறகும் நாங்கள் கிளம்பவில்லை. திரும்பும்போது ஊர் எல்லையில் கூடையை மறுபடி கட்டிவிட்டாள்.

அதன் பிறகு தினமும் அதுதான். இன்னொன்றும் நடந்தது. அம்மா காலையில் யாரும் எழுப்பாமல் எழுந்தாள். முகம் கழுவித் தலை வாரிக்கொண்டாள். ஒரு நாள் ஏரிக்குப் போகிற வழியில் என்னிடம், "இந்தப் பூவ பறிச்சிக்கோ," என்று ஆவாரம்பூவைக் காட்டினாள். அவளாக வாய் திறந்து பேசியது பங்குனிக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

நைனா சாயங்காலம் வந்ததும் வழக்கப்படி குதிரையின் விலாவில் கையை வைத்துப் பார்ப்பார். வைத்த கையை முன்பெல்லாம் உடனே எடுத்துவிடுவார். இப்போது கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தார். பிடரியைப் பிடித்துப் பார்த்தார். அது உருட்டி வைத்த சப்பாத்தி மாவு போலக் கெட்டியாக இருந்தது, எனக்கே தெரிந்தது. அவர் வீட்டுப் பக்கம் பார்த்தார். உள்ளே அம்மா அடுப்பை ஊதிக்கொண்டு, யாரும் கேட்காமலே எனக்கு ஒரு ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். நைனா திரும்பிக்கொண்டார். தொட்டியில் ஊறிய வைக்கோலை எடுத்துப் பிழிந்து போட்டார்.

அவர் கவனிக்கவில்லை என்று வெகுநாள் நினைத்திருந்தேன். பிள்ளை பெற்று, புருஷனையும் பறிகொடுத்த பிறகுதான் புரிந்தது. அவர் கை பொய் சொல்லியிருக்காது. அவருக்குத் தெரியும். குதிரையா, அம்மாவா என்று வந்தபோது அவர் பேசாமல் இருந்துவிட்டார். இன்னும் சில நாள் போகட்டும், பிறகு கூடையைக் கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கலாம். குதிரையும் ஒன்றும் ஆகாதது போலத்தான் பளபளவென்று இருந்தது. பார்க்கிறவர்கள், இப்போதுதான் குதிரை குதிரை மாதிரி இருக்கிறது என்றார்கள்.

ஆனியில் ஒரு காலையில் அது கொட்டகையை விட்டு வரவில்லை. முன்னங்கால் இரண்டையும் நீட்டி, பாரம் முழுவதையும் பின்னுக்குச் சாய்த்து, சுவரில் முதுகைக் கொடுக்கப் பார்க்கிற மனிதன் மாதிரி நின்றது. அம்மா கயிற்றை இழுத்தாள். ஒரு அடி வைத்தது. நெருப்பில் வைத்தது போல உடனே எடுத்துக்கொண்டது. மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து மூடியது. நைனா குனிந்து குளம்பைத் தொட்டார். கையை எடுத்து என் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தார். ஏன் வைத்தார் என்று தெரியாது. சுட்டது. மத்தியானத்துக்குள் படுத்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா வந்தார். ரயிலடிக்கு வண்டி வரவில்லை என்றதும் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். பெட்டியை ஆஸ்பத்திரி வாசலில் போட்டுவிட்டு, புடவையில் ரயில் கரி ஒட்டியபடியே நேராகக் கொட்டகைக்கு வந்தார். குந்தி உட்கார்ந்து நான்கு குளம்பையும் தொட்டார். பிடரியைப் பிடித்தார்.

"வாய்க்கூடையை அவுத்தது யாரு?"

நைனா தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். "நான்தாம்மா. கஷ்டமா இருந்துச்சு, அவுத்துட்டேன்."

"அது இல்ல," என்றாள் அம்மா. அவள் வாசலில் நின்றிருந்தாள். "நான்தான் அவுத்தேன். தெனமும் அவுத்தேன்."

டாக்டரம்மா திரும்பிப் பார்த்தார். "நான் சொல்லிட்டுப் போனது உன் காதுல விழுந்துச்சுல்லா?"

"விழுந்துச்சுங்க."

"பொறவு?"

"அது கேட்டுச்சு."

"என்ன கேட்டுச்சு?"

"புல்லு கேட்டுச்சு." அம்மாவின் குரல் கறிகாய் விலை சொல்வது போலத்தான் இருந்தது. "அவன் சோறு கேட்டான். நீங்க குடுக்காதன்னீங்க. நான் குடுக்கல. கேட்டுகினே இருந்தான், குடுக்கல. இது கேட்டுச்சு. குடுத்தேன்."

நைனா, "ஏய், உள்ள போ," என்றார். அம்மா போகவில்லை.

"அது வேற, இது வேற," என்றார் டாக்டரம்மா.

"எனக்கு ஒண்ணாத்தான் இருந்துச்சுங்க."

டாக்டரம்மா எழுந்து வாளித் தண்ணீரில் கையைக் கழுவினார். கழுவின கையை மறுபடியும் கழுவினார்.

"குடுத்திருந்தா பொழச்சிருப்பானாம்மா?" என்று கேட்டாள் அம்மா.

டாக்டரம்மா கையைத் துடைக்காமல் நின்றார். விரல் நுனியிலிருந்து தண்ணீர் கொட்டகைத் தரையில் சொட்டியது.

"தெரியலை," என்றார்.

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அம்மா குதிரையின் பக்கம் திரும்பினாள். பிறகு, "இப்ப இதுக்கு இன்னா செய்யணும்?" என்றாள்.

"ஏரிச் சேத்துல நிறுத்தணும். தண்ணி குளிர்ச்சியா இருக்கற இடத்துல. காலையும் சாயங்காலமும். பச்சை ஒரு இதழ்கூட வாயில படப்பிடாது."

எழுப்புவதற்கே நான்கு ஆட்கள் வேண்டியிருந்தது. முதல் நாள் ஏரிக்கு அதை நடத்திக்கொண்டு போக முடியவில்லை. நைனா பீப்பாயில் சேறு கொண்டுவந்து கொட்டகையில் கொட்டினார். பிறகு அடி அடியாக நடந்தது. அம்மாதான் கொண்டுபோனாள். முழங்கால் வரை சேற்றில் அதன் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளும் நிற்பாள். சுற்றிலும் புல் பச்சையாக இருந்தது. குதிரை கழுத்தை நீட்டும். அம்மா கயிற்றைச் சுருக்கிப் பிடிப்பாள். கனைக்கும். அவள் பிடியைத் தளர்த்தமாட்டாள். கரையில் போகிறவர்கள், "ஒரு வாய் மேயவுடும்மா," என்பார்கள். அம்மா திரும்பமாட்டாள். வைக்கோலை ஊறவைப்பதும் வடிப்பதும் அவள் வேலையானது. விலாவில் கைவைத்துப் பார்ப்பதும் அவள்தான். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் எங்கள் காம்பவுண்டு ஓரமாகப் போனபோது, ஊரே வேடிக்கை பார்க்க வெளியே நின்றது. அம்மா கொட்டகையில் அதன் விலாவில் கையை வைத்து நின்றுகொண்டிருந்தாள். "தட்டுது," என்றாள் என்னிடம்.

குதிரை பிழைத்தது. ஆனால் பழைய நடை இல்லை. கல் ரோட்டில் நொண்டியது. தறிக்காரர் ஊர்களுக்கு டாக்டரம்மா மாட்டுவண்டியில் போக ஆரம்பித்தார். எங்கள் வீட்டுக்கு அவர் முன்போலவே வந்தார், போனார். நைனாவை வேலையை விட்டு எடுக்கவில்லை. அந்தப் பேச்சை யாரும் மறுபடி எடுக்கவில்லை. அம்மாவும் டாக்டரம்மாவும் எதிரில் பார்த்தால் குதிரையைப் பற்றி மட்டும் இரண்டு வார்த்தை பேசிக்கொள்வார்கள்.

யுத்தம் முடிந்த பிறகு டாக்டரம்மாவை வேறு ஊருக்கு மாற்றினார்கள். ஆஸ்பத்திரிக்கு ஒரு பழைய மோட்டார் வண்டி வந்தது. அரக்கோணத்திலிருந்து பாதிரியார் ஒருவர், கோயிலுக்கும் வீட்டுக்கும் நடுவில் போய்வர ஒரு சாதுவான குதிரை போதும் என்று இதை வாங்கிக்கொண்டார். நைனாதான் கொண்டுபோய் விட்டார். மெதுவாக, வழியில் நிறுத்தி நிறுத்தி. மறுநாள் மத்தியானம் தனியாகத் திரும்பி வந்தார்.

அம்மா அவருக்குச் சோறு போட்டாள். அவர் பாதி சாப்பிட்டிருந்தார். பிறகு கேட்டாள்.

"அங்க புல்லு இருக்குதா?"

"ஏது புல்லு. ரயில்வே காலனிக்குப் பின்னால வீடு. எங்க பாத்தாலும் இன்ஜின் கரியக் கொட்டி வச்சிருக்காங்க. ஒண்ணும் மொளைக்காது."

"அப்ப பரவால்ல," என்றாள் அம்மா. அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.